ப்ரொஸ்க்ரைப்: பெயர் எழுதித் தடை செய்தல்

ஆங்கிலத்தில் 'ப்ரொஸ்க்ரைப்' என்ற சொல்லுக்குச் சரியான பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது, 'ஃபர்பிட்', 'ப்ரொஹிபிட்', 'பேன்' எல்லாம் இருக்கும்போது இதை எந்த இடத்தில் எழுதுவது என்பது கேள்வி. அகராதி 'தடை செய்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடும். அது தவறில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி வாக்கியம் எழுதினால் பல இடங்களில் சொல் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும்.

முதலில் பொருள். அதிகாரம் உள்ள ஓர் அமைப்பு, ஒரு செயலையோ பொருளையோ இயக்கத்தையோ இன்னது என்று குறிப்பிட்டு, 'இது கூடாது' என்று பகிரங்கமாக விதி எழுதுவதுதான் ப்ரொஸ்க்ரைப். அந்த அமைப்பு சட்டமன்றமாக இருக்கலாம், அரசாக, திருச்சபையாக, விளையாட்டுச் சங்கமாக இருக்கலாம். தடுக்கும் அதிகாரம், எழுதப்பட்ட விதி, தடுக்கப்படுவதன் பெயர் ஆகிய மூன்றும் பின்னணியில் இருந்தால் சொல் கச்சிதமாகப் பொருந்தும். தாய் பிள்ளையிடம் 'வெயிலில் போகாதே' என்று சொல்வதற்கு இந்தச் சொல்லைப் போட்டால் கேட்பவருக்கு விசித்திரமாக இருக்கும். அங்கே 'ஃபர்பிட்' போதும்.

எழுத்துக்கூட்டலையும் உச்சரிப்பையும் பார்த்துவிடலாம். பி, ஆர், ஓ என்று தொடங்கி, அதன்பின் எஸ், சி, ஆர், ஐ, பி, இ. அழுத்தம் இரண்டாவது அசையில், அதாவது 'ஸ்க்ரைப்' என்ற பகுதியில் விழும். கடைசி ஒலி 'பஸ்' என்ற சொல்லின் முதல் ஒலி. பெயர்ச்சொல்லான 'ப்ரொஸ்க்ரிப்ஷன்' என்பதில் அது 'பேனா'வின் முதல் ஒலியாக மாறிவிடும், எழுத்தும் மாறும். லத்தீனில் நிகழ்கால வடிவம் 'ஸ்க்ரீபோ', இறந்தகால எச்ச வடிவம் 'ஸ்க்ரிப்டுஸ்'. ஆங்கில வினை முதல் வடிவத்திலிருந்தும் பெயர்ச்சொல் இரண்டாவதிலிருந்தும் வந்ததால்தான் இந்த மாற்றம். டிஸ்க்ரைப் 'டிஸ்க்ரிப்ஷன்' ஆவதும், சப்ஸ்க்ரைப் 'சப்ஸ்க்ரிப்ஷன்' ஆவதும் இதே வழியில்தான். ஒன்றைத் தெரிந்துகொண்டால் அந்தக் குடும்பம் முழுவதற்கும் எழுத்துப்பிழை வராது.

இனி வரலாறு. இந்தச் சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

லத்தீனில் 'ப்ரோ' என்ற முன்னொட்டுக்கு 'முன்னால், எல்லார் பார்வைக்கும்' என்ற பொருள் உண்டு. 'ஸ்க்ரீபெரே' என்றால் எழுதுதல். இரண்டும் சேர்ந்த 'ப்ரோஸ்க்ரீபெரே' என்பது எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைப்பது. தொடக்கத்தில் அதில் தடையும் இல்லை, தண்டனையும் இல்லை. வீடு விற்பனைக்கு, நிலம் வாடகைக்கு என்று அறிவிப்பு வைப்பதற்கு ரோமானியர்கள் இந்த வினையைப் பயன்படுத்தினார்கள். கடனைக் கட்டாதவரின் சொத்து ஏலத்துக்கு வருகிறது என்ற அறிவிப்புக்கும் இதே சொல்தான்.

அதை இரத்தத்தில் தோய்த்தவர் ரோமானியத் தளபதி சுல்லா. உள்நாட்டுப் போரில் வென்று கி.மு. 82-இல் ரோமைக் கைப்பற்றிய அவர், தம் எதிரிகளின் பெயர்களை எழுதி, நகரின் பொதுவெளியான மன்றத்தில் வைக்கச் செய்தார். முதல் பட்டியலில் 80 பேர். ஒரு நாள் இடைவெளிக்குப் பின் 220 பேர், அதற்கடுத்த நாள் இன்னும் 220 பேர் என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் கணக்குத் தருகிறார். பெயர் ஏறியவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு அந்த நொடியே போய்விடும். அவரைக் கொன்றால் கொலைக்குற்றம் ஆகாது. கொன்றவருக்கு 2 டாலந்து (பண்டைய எடை அளவு) வெள்ளி வெகுமதி உண்டு. அடைக்கலம் கொடுத்தவருக்கு மரண தண்டனை. சொத்து பறிமுதலாகி ஏலத்துக்குப் போகும். மகன்களும் பேரன்களும் அரசுப் பதவிக்கு வர முடியாது.

ஏலம் என்ற பழைய பொருளும் கொலை என்ற புதிய பொருளும் ஒரே பலகையில் கலந்த இடம் இது. அந்தக் கலப்பின் விளைவும் உடனே தெரிந்தது. அரசியலில் ஈடுபடாத குவிண்டஸ் அவுரேலியஸ் என்பவர் மன்றத்துக்கு வந்து பட்டியலைப் படித்து, அதில் தம் பெயரைக் கண்டு, 'ஆல்பாவில் இருக்கும் என் தோட்டமே என்னை வேட்டையாடுகிறது' என்று சொன்னதாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கொஞ்ச தூரம் போவதற்குள் அவரைக் கொன்றுவிட்டார்கள்.

பட்டியலுக்குக் கெடுத்தேதி வைத்திருந்தார்கள்: கி.மு. 81, ஜூன் 1. அதன் பிறகு யார் பெயரையும் சேர்க்கக் கூடாது. ஆனால் அமேரியா ஊரைச் சேர்ந்த செக்ஸ்டஸ் ரோஸ்கியஸ் என்ற செல்வர் அந்தத் தேதிக்குச் சில மாதங்களுக்குப் பின் ரோமில் கொல்லப்பட்டார். செத்த பிறகு அவர் பெயர் பட்டியலில் ஏறியது. 60 லட்சம் செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்) மதிப்புள்ள சொத்தைச் சுல்லாவின் விடுதலை பெற்ற அடிமையான கிறைசோகோனஸ் வெறும் 2,000 செஸ்டெர்ஸுக்கு ஏலத்தில் எடுத்தார். போதாததற்குத் தந்தையைக் கொன்றதாக மகன் மீதே வழக்குப் போட்டார்கள். கி.மு. 80-இல் அந்த மகனுக்காக வாதாடி வென்ற இளம் வழக்கறிஞர்தான் சிசரோ. பட்டியல் எப்போது மூடப்பட்டது, பெயர் எப்போது ஏறியது என்பதே அவர் வாதத்தின் முக்கியக் கண்ணி.

அதே சிசரோவின் பெயர் கி.மு. 43-இல் இரண்டாவது பெரிய பட்டியலில் ஏறியது. அப்போது ரோமின் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொண்ட ஆண்டனி, லெபிடஸ், ஆக்டேவியன் மூவரும் கூடி எழுதிய பட்டியல் அது. மூவரும் தத்தம் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் விட்டுக்கொடுத்துப் பேரம் பேசினார்கள். லெபிடஸின் உடன்பிறந்தவர் பெயரும் ஆண்டனியின் தாய்மாமன் பெயரும் அதில் இருந்தன. அந்த இருவரும் தப்பித்தார்கள். சிசரோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. டிசம்பர் 7-ஆம் தேதி அவர் கொல்லப்பட்டு, தலையும் கையும் மன்றத்தின் பேச்சு மேடையில் வைக்கப்பட்டன.

இந்தக் கதையை விரித்துச் சொல்லக் காரணம், 'ப்ரொஸ்க்ரிப்ஷன்' என்ற பெயர்ச்சொல் வரலாற்று நூல்களில் இன்றும் முதன்மையாக இந்தப் பட்டியல்களைத்தான் குறிக்கிறது. 'தி சுல்லன் ப்ரொஸ்க்ரிப்ஷன்ஸ்' என்று படித்துவிட்டு 'சுல்லாவின் தடைகள்' என்று மொழிபெயர்த்தால் ஆயிரக்கணக்கான கொலைகள் ஒரு சொல்லில் மறைந்துபோகும். 'கொலைப் பட்டியல்கள்' என்பதே நேர்மையான தமிழ்.

ஆங்கிலத்துக்கு வினைச்சொல் வந்தது 15-ஆம் நூற்றாண்டில். அப்போது 'முன்னால் எழுது' என்ற வெறும் பொருள்தான். 16-ஆம் நூற்றாண்டில், ரோம வரலாறு பரவலாகப் படிக்கப்பட்ட காலத்தில், 'மரணத்துக்குரியவர் என்று பெயரை வெளியிடு' என்ற பொருள் ஏறியது. 17-ஆம் நூற்றாண்டில் அது மனிதர்களை விட்டு இறங்கி, செயல்களுக்கும் பழக்கங்களுக்கும் கருத்துகளுக்கும் பரவியது: தீங்கானது என்று கண்டித்து விலக்கு. இன்று நாம் எழுதுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பொருளை. ஆனாலும் பழைய வாடை முழுதாகப் போய்விடவில்லை. 'ப்ரொஹிபிட்' வெறுமனே 'கூடாது' என்கிறது. 'ப்ரொஸ்க்ரைப்' அதோடு 'இது கண்டனத்துக்குரியது' என்ற முத்திரையையும் குத்துகிறது.

இனி, எல்லாரும் இடறும் இடத்துக்கு வருகிறேன்: 'ப்ரிஸ்க்ரைப்'. ஓ இருக்க வேண்டிய இடத்தில் இ. பொருள் நேர் எதிர். மருத்துவர் மருந்து எழுதித் தருவதும், சட்டம் ஒரு படிவத்தை நிர்ணயிப்பதும், பாடத்திட்டம் ஒரு நூலை வைப்பதும் ப்ரிஸ்க்ரைப். அதன் முன்னொட்டு 'ப்ரே'. காலத்தால் முன்னால் என்று பொருள். செய்வதற்கு முன்பே இப்படிச் செய் என்று எழுதி வைப்பது அது. ஒரே 'எழுது' என்ற வேரிலிருந்து ஒன்று 'செய்' என்றும் மற்றொன்று 'செய்யாதே' என்றும் பிரிந்திருக்கிறது. அறத்துக்கு இலக்கணம் சொல்லும்போது பரிமேலழகர் 'விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும்' என்றார். விதித்தன என்பது ப்ரிஸ்க்ரைப் செய்யப்பட்டவை, விலக்கியன என்பது ப்ரொஸ்க்ரைப் செய்யப்பட்டவை. இந்த இணையைத் தமிழில் மனத்தில் இருத்திக்கொண்டால் ஆங்கிலத்தில் குழப்பம் வராது.

இந்தப் பிழை ஏன் ஆபத்தானது என்றால், எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளுக்கு இரண்டும் சரியான சொற்கள். வாக்கியமும் இலக்கணப்படி சரியாகவே நிற்கும். 'விதிகள் ப்ரிஸ்க்ரைப் செய்த முறை' என்றால் பின்பற்ற வேண்டிய முறை. அதே இடத்தில் 'ப்ரொஸ்க்ரைப் செய்த முறை' என்றால் தொடவே கூடாத முறை. வேகமாகப் பேசும்போது முதல் அசை அழுத்தமில்லாமல் தேய்ந்துவிடுவதால், ஒருவர் சொல்ல மற்றொருவர் தட்டச்சு செய்யும் ஆவணங்களில் இது எளிதாக நுழையும். ஒப்பந்தமோ விதிமுறையோ எழுதுகிறவர்கள், கடைசி வாசிப்பில் இந்த இரண்டு சொல்லையும் தனியாகத் தேடிப்பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் 'செய்ய வேண்டியதா, கூடாததா' என்று கேட்டுக்கொள்வது நல்லது. இன்னொரு சிக்கலும் உண்டு. சட்ட ஆங்கிலத்தில் 'ப்ரிஸ்க்ரிப்ஷன்' என்றால் நீண்டகாலப் பயன்பாட்டினால் கிடைக்கும் உரிமை. வழிநடை உரிமை, நீர் எடுக்கும் உரிமை போன்றவற்றை வரையறுத்த 1832-ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டத்துக்கே 'ப்ரிஸ்க்ரிப்ஷன் ஆக்ட்' என்றுதான் பெயர். மருந்துச் சீட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வாக்கியத்தில் இதை எப்படி அமைப்பது? ப்ரொஸ்க்ரைப் ஒரு செயப்படுபொருளை நேரடியாக எடுக்கும். இடையில் எந்த முன்னிடைச்சொல்லும் வேண்டாம். 'தி ட்ரீட்டி ப்ரொஸ்க்ரைப்ஸ் தி யூஸ் ஆஃப் பாய்சன் கேஸ்' என்பது சரி. 'ப்ரொஸ்க்ரைப்ஸ் அகெய்ன்ஸ்ட்' என்று எழுதுவது தவறு. 'அவர்கள் நுழைவதைத் தடு' என்ற பொருளில் ஆளைச் செயப்படுபொருளாக்கி, 'ஃப்ரம்' போட்டு, வினையை இழுத்து வருவதும் இதற்கு ஒத்துவராது. அந்த அமைப்பு 'ப்ரொஹிபிட்'டுக்கு உரியது. 'டூ' சேர்த்து வினையைத் தொடர்வது 'ஃபர்பிட்'டின் அமைப்பு. மூன்றையும் வரிசையாகச் சொன்னால்: ஃபர்பிட் ஹிம் டூ என்டர், ப்ரொஹிபிட் ஹிம் ஃப்ரம் என்டரிங், ப்ரொஸ்க்ரைப் என்ட்ரி. ஆளை மறந்து செயலுக்குப் பெயர் வைத்தால் ப்ரொஸ்க்ரைப் தானாக அமைந்துவிடும்.

ஓர் ஆளையே செயப்படுபொருளாக வைத்தால் பழைய ரோமப் பொருள் திரும்பி வந்துவிடும்: அவரைச் சட்டத்துக்குப் புறம்பானவர் ஆக்குவது. இயக்கங்களைச் சொல்லும்போது இந்தப் பொருள் இன்றும் புழங்குகிறது. செயப்பாட்டு வடிவமே அதிகம் வரும். 'ப்ரொஸ்க்ரைப்ட் பை லா', 'ப்ரொஸ்க்ரைப்ட் காண்டக்ட்' ஆகியவை அச்சில் அடிக்கடி பார்க்கக்கூடியவை. அமெரிக்கக் குற்றவியல் தீர்ப்புகளில் இரண்டாவது தொடர் நிறைந்திருக்கும். எந்தச் செயல் குற்றம் என்பதைச் சாதாரண மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குச் சட்டம் தெளிவாகச் சொல்லாவிட்டால் அந்தச் சட்டம் செல்லாது என்பது அந்த நாட்டு நீதிமன்றங்களின் கொள்கை. பகிரங்கமாக எழுதி வைத்தல் என்ற வேர்ப்பொருளுக்கு இதைவிட நல்ல வாழ்விடம் இல்லை.

பிரிட்டனில் இது வெறும் நடைச்சொல்லாக இல்லாமல் சட்டச்சொல்லாகவே ஆகிவிட்டது. 2000-ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம், 3-ஆம் பிரிவில், உள்துறை அமைச்சர் ஓர் அமைப்பைப் பட்டியலில் சேர்க்கலாம் என்கிறது. அந்த அமைப்பு பயங்கரவாதத்தில் ஈடுபடுகிறது என்று அவர் நம்ப வேண்டும். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஆணைக்கு ஒப்புதல் தர வேண்டும். பட்டியல் அதே சட்டத்தின் 2-ஆம் அட்டவணையில் இருக்கிறது. பட்டியலில் உள்ள அமைப்பு வேறு பெயரில் இயங்கினால் அந்தப் பெயரும் அதே அமைப்பைக் குறிக்கும் என்று தனியாக ஆணையிடலாம். உறுப்பினராக இருப்பது 11-ஆம் பிரிவின்படி குற்றம், ஆதரவு திரட்டுவது 12-ஆம் பிரிவின்படி குற்றம். 2021-இல் செய்த திருத்தத்துக்குப் பின் இவற்றுக்கு உச்சத் தண்டனை 14 ஆண்டு. ஆதரவாளர் என்ற சந்தேகம் எழும்படி பொது இடத்தில் அதன் சின்னத்தை அணிவதோ காட்டுவதோ 13-ஆம் பிரிவில் வரும். பட்டியலிலிருந்து நீக்கக் கோரி விண்ணப்பித்தால் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதற்கென்றே அமைந்த மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போகலாம். இப்படிப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு 'டீப்ரொஸ்க்ரைப்' என்ற எதிர்ச்சொல்லும் உண்டு. சுல்லாவின் பலகைக்கு மேல்முறையீடு கிடையாது. இன்றைய பட்டியலுக்கு உண்டு. சொல் ஒன்றாக இருந்தாலும் இந்த வேறுபாடு சாதாரணமானதில்லை.

அண்டைச் சொற்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 'ஃபர்பிட்' பழைய ஆங்கிலச் சொல். எதிராகக் கட்டளையிடு என்பது வேர். வீட்டுக்கும் ஆகும், நாட்டுக்கும் ஆகும். 'ப்ரொஹிபிட்' லத்தீன், முன்னால் நின்று பிடித்து நிறுத்து என்பது வேர். அறிவிப்புப் பலகை, விதிமுறை, சட்டம் மூன்றிலும் முதலில் கை போக வேண்டிய சொல் இதுதான். அமெரிக்க அரசியலமைப்பின் 18-ஆம் திருத்தம் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தியது. 1920 ஜனவரி 17 முதல் 1933 டிசம்பர் 5 வரை அமலில் இருந்த அந்த மதுவிலக்கு, மது தயாரிப்பதையும் விற்பதையும் கொண்டுசெல்வதையும் இறக்குமதி ஏற்றுமதியையும் தடுத்தது. குடிப்பதைத் தடுக்கவில்லை, பட்டியலில் அந்த வினை இல்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தும் பட்டியலின் பெயரிலும் 'ப்ரொஹிபிட்டட்' தான் இருக்கிறது. எனவே அதை மேற்கோளாகக் குறிப்பிடும்போது சொல்லை மாற்றக் கூடாது; பொதுவாகப் பேசும்போது 'ப்ரொஸ்க்ரைப்ட் சப்ஸ்டன்ஸ்' என்று எழுதலாம்.

'பேன்' செய்தித் தலைப்புக்கு ஏற்ற குறுஞ்சொல். அதன் வரலாறும் வியப்பானது. ஜெர்மானிய மூலத்தில் அதற்குப் பறையறைந்து அழைத்தல், ஊரறிய அறிவித்தல் என்றே பொருள். தேவாலயத்தில் திருமண அறிவிப்பை இன்றும் 'பேன்ஸ்' என்கிறார்கள். அதில் தடை எதுவும் கிடையாது. 'பேன்டிட்' என்ற சொல் வந்த இத்தாலியச் சொல்லும் சட்டத்துக்குப் புறம்பானவன் என்று அறிவிக்கப்பட்டவனையே குறித்தது. லத்தீனில் எழுத்து வழியாக நடந்த பொருள் மாற்றம், ஜெர்மானிய மொழிகளில் குரல் வழியாக நடந்திருக்கிறது. ஊரறிய அறிவிப்பதும் தடுப்பதும் பழைய காலத்தில் ஒரே காரியமாகத்தான் இருந்தன.

'இன்டர்டிக்ட்' இடையில் புகுந்து சொல்லித் தடுப்பது. போப் மூன்றாம் இன்னசென்ட் 1208 முதல் 1214 வரை இங்கிலாந்து முழுவதிலும் பொது வழிபாட்டை நிறுத்தி வைத்தாரே, அந்த ஆணைக்கு இந்தப் பெயர். ஸ்காட்லாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் நீதிமன்ற உறுத்துக்கட்டளையை இப்படித்தான் சொல்கிறார்கள்; இங்கிலாந்தில் அது 'இன்ஜங்ஷன்'. காவல், இராணுவச் செய்திகளில் 'இன்டர்டிக்ஷன்' என்றால் கடத்தல் சரக்கை வழிமறித்துப் பிடிப்பது. 'என்ஜாய்ன்' மிகக் கவனமாகக் கையாள வேண்டியது. தனியே வந்தால் 'செய்' என்று வலியுறுத்தும். பின்னால் 'ஃப்ரம்' வந்தால் 'செய்யாதே' என்று நீதிமன்றம் தடுப்பதாகும்.

மொழியியலிலும் நம் சொல்லுக்கு ஓரிடம் உண்டு. 'இப்படி எழுது' என்னும் இலக்கண விதி ப்ரிஸ்க்ரிப்டிவ். 'இப்படி எழுதாதே' என்னும் விதி ப்ரொஸ்க்ரிப்டிவ். 'டூ'வுக்கும் வினைக்கும் இடையில் வேறு சொல் செருகாதே என்பது இரண்டாவது வகை. பள்ளி இலக்கணத்தின் புகழ்பெற்ற விதிகள் பல இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை என்பதால், கட்டுரைகளில் இந்த வடிவத்தைப் பார்த்தால் அச்சுப்பிழை என்று எண்ணித் திருத்திவிடக் கூடாது.

எந்த அளவுக்கு இதைப் பயன்படுத்துவது? அன்றாட மின்னஞ்சலில் வேண்டாம். 'சமையலறையில் புகைபிடிப்பது ப்ரொஸ்க்ரைப்ட்' என்று எழுதினால் அலங்காரமாகத்தான் தெரியும். சட்டம், வரலாறு, மதம், கொள்கை ஆவணம், ஆய்வுக் கட்டுரை ஆகியவற்றில் எழுதலாம். அங்கேயும் தடுப்பது யார் என்பதை வாக்கியத்தில் சொல்லிவிடுவது நல்லது. சமூக வழக்கம் ஒன்றைத் தடுக்கிறது என்று எழுதும்போது எழுதப்பட்ட விதி இல்லாவிட்டாலும் சொல் செல்லும். ஆனால் அந்த வழக்கத்துக்கு மீறமுடியாத அதிகாரம் இருக்க வேண்டும்.

தமிழாக்கத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. பரிமேலழகர் தந்த 'விலக்கு' அழகான சொல்; மதுவிலக்கு என்பதில் அது தடைதான். ஆனால் வரிவிலக்கு என்பதில் அதே சொல் சலுகை. 'விலக்கப்பட்ட பொருட்கள்' என்று ஒரு சட்ட ஆவணத்தில் எழுதினால், தடை செய்யப்பட்டவையா, விதியிலிருந்து விடுபட்டவையா என்று வழக்காடுவதற்கே இடமுண்டு. அதனால் சட்டத் தமிழில் 'தடை செய்யப்பட்ட' என்பதையே எழுதுங்கள். அறநூல், சமயம், இலக்கணம் பற்றி எழுதும்போது 'விலக்கிய' என்பது பொருந்தும். ஓர் ஆவணத்தில் 'ப்ரொஹிபிட்', 'ப்ரொஸ்க்ரைப்' இரண்டும் வெவ்வேறு பொருளில் வந்தால், முதலதற்குத் 'தடுக்கப்பட்ட' என்றும் இரண்டாவதற்குத் 'தடைப் பட்டியலில் உள்ள' என்றும் பிரித்து, அந்த வரையறையை ஆவணத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.